பூசணிக்காய் காவல் காக்குமா?

நம் ஊர்க் கடைவீதிகளில் எந்தக் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், மீசையும் கோரைப்பல்லும் எழுதிய பூசணிக்காய் ஒன்றாவது, எலுமிச்சம் பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு ஒன்றாவது தொங்காமல் இருப்பது அபூர்வம். இது போதாதென்று அமாவாசைக்கு அமாவாசை நடுத்தெருவில் பூசணிக்காயைப் போட்டு உடைப்பதும், அதன் மேல் வண்டியில் வருகிறவர்கள் சறுக்கி விழுந்து கைகாலை ஒடித்துக் கொள்வதும் நாம் கண்ணாரக் காணும் சங்கதிகளாகும். "இவையெல்லாம் எதற்கு?" என்று கடை முதலாளியைக் கேட்டால், "கடைக்குப் பாதுகாப்பு" என்று சற்றும் கூச்சமில்லாமல் பதில் சொல்லுகிறார்.

ஆனால் அதே முதலாளி இரவில் கடையை மூடும்போது என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இரும்புக் கதவை இழுத்து விட்டு, ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டுப் போடுகிறார். போட்ட பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிறார். கல்லாப்பெட்டிக்கு மேலே காமிரா வைத்திருக்கிறார். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறார். பூசணிக்காய் காப்பாற்றும் என்பது உண்மையான நம்பிக்கையாய் இருந்தால் பூட்டு எதற்கு? எலுமிச்சம் பழத்துக்குச் சக்தி இருந்தால் இன்ஷூரன்ஸ் எதற்கு? ஆகவே பணத்தின் விஷயத்திலும் சரக்கின் விஷயத்திலும் நம் முதலாளிமார்கள் எல்லோரும் சுத்தமான பகுத்தறிவுவாதிகளாகவே இருக்கிறார்கள். சிப்பந்தியின் உயிர் விஷயம் வரும்போது மாத்திரந்தான் திடீரென்று பக்திமான்களாகி விடுகிறார்கள். "இரவு பத்து மணிக்கு மேல் தன்னந்தனியாய் வீட்டுக்குப் போகிறானே, அவனுக்கு என்ன பந்தோபஸ்து?" என்று கேட்டால், "பகவான் பார்த்துக் கொள்வார்" என்கிறார்கள். ஏதாவது நேர்ந்து விட்டாலோ, "அவன் தலையெழுத்து" என்று சொல்லிக் கையைத் துடைத்துக் கொள்கிறார்கள். பணத்துக்கு இரும்புப்பெட்டி, ஆளுக்குத் தலையெழுத்து என்கின்ற இந்த நியாயத்தைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கின்றது.

நம் நாட்டில் ஊரெல்லாம் உறங்கப் போகும் நேரத்தில் உழைக்கிறவர்கள் எத்தனை வகையார் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜவுளிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, மளிகைக்கடை, பெரிய அங்காடிகள், பெட்ரோல் பங்க், சாராய வகைகள் விற்கும் சர்க்கார் கடை ஆகியவைகளில் ஆணும் பெண்ணுமாய் இரவு ஒன்பது, பத்து, பதினொன்று வரையிலும், சில இடங்களில் விடிய விடியவும் நின்று வேலை செய்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த, படிப்பைப் பாதியில் விட்ட, கேட்க நாதியில்லாத வாலிபர்களும் பெண்களுமேயாவர். இவர்களுக்கு இரவில் நேரக்கூடிய ஆபத்துக்கள் நாலு வகை. கல்லாவில் பணம் சேர்ந்திருக்கும் நேரத்தில் ஒற்றை ஆளாய் இருப்பதால் வரும் கொள்ளை ஆபத்து ஒன்று. குடித்து விட்டு வருகிறவனும், கடன் கேட்டுக் கிடைக்காதவனும், விலை அதிகமென்று சண்டை பிடிப்பவனும் அடிக்கும் அடி இரண்டு. கடை மூடிய பின் பஸ் போய் விட்ட ரோட்டில் விளக்கில்லாத வழியில் வீடு திரும்புவதில் உள்ள ஆபத்து மூன்று. கடைக்கு உள்ளேயோ, அதன் மாடியிலோ படுத்துறங்கும் சிப்பந்திகளுக்குத் தீயினால் வரும் ஆபத்து நாலு.

இவைகளில் எது "விதி"யினால் வருகிறது என்று கேட்கின்றோம். கொள்ளைக்காரன் பஞ்சாங்கம் பார்த்துக் கொண்டு வருவதில்லை. சிப்பந்தியின் ஜாதகத்தில் சனி எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக் கொண்டும் வருவதில்லை. அவன் பார்ப்பதெல்லாம் நாலே நாலு விஷயங்கள்தான். பணம் இருக்கிறதா? ஆள் தனியாய் இருக்கிறானா? இடம் இருட்டாய் இருக்கிறதா? அடித்து விட்டு ஓட வழி இருக்கிறதா? இந்த நாலையும் தீர்மானிக்கிறவர் யார்? எவ்வளவு பணம் கல்லாவில் சேர வேண்டும் என்பதும், இரவில் எத்தனை ஆள் இருக்க வேண்டும் என்பதும், வாசலில் விளக்கு எரிய வேண்டுமா என்பதும், எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதும் முதலாளியினுடைய உத்தரவேயல்லாமல் சித்திரகுப்தனுடைய உத்தரவல்ல. மனிதன் செய்த ஏற்பாட்டினால் வருகிற ஆபத்தை மனிதன் செய்யும் ஏற்பாட்டினாலேயே தடுக்கலாம் என்பதுதான் நாம் சொல்ல வந்ததின் சாரம்.

இது வெறும் தர்க்கமல்ல, செய்து பார்த்த காரியமாகும். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் கெயின்ஸ்வில் என்கின்ற ஒரு ஊர் உண்டு. அங்கே இரவுக் கடைகளில் கொள்ளைகள் அதிகப்பட்டபோது அவ்வூர் நகரசபையார் யாகம் வளர்க்கவில்லை. 1986-ஆம் வருஷத்தில் ஒரு விதி செய்தார்கள். கடைக் கண்ணாடியை விளம்பரத் தாள்களால் மறைக்கக் கூடாது, கல்லா தெருவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், கல்லாவில் சிறு தொகைக்கு மேல் வைக்கக் கூடாது, அப்படி வைப்பதில்லை என்று வாசலிலேயே போர்டு மாட்ட வேண்டும், மீதிப் பணம் சிப்பந்தியால் திறக்க முடியாத பெட்டியில் விழ வேண்டும், வெளியே நல்ல வெளிச்சம் வேண்டும், காமிரா வேண்டும் என்பவைகள் அவ்விதிகள். அடுத்த வருஷம் இரவில் ஒருவருக்குப் பதில் இருவர் வேலை பார்க்க வேண்டுமென்பதும் அமுலுக்கு வந்தது. அதன் பின் அவ்வூரில் கடைக் கொள்ளைகள் வெகுவாகக் குறைந்தன. இரண்டாவது ஆளால் குறைந்தது எவ்வளவு, மற்றவைகளால் குறைந்தது எவ்வளவு என்று ஆராய்ச்சிக்காரர்கள் தர்க்கம் செய்ததுண்டு. ஆனால் பூசையினால் குறைந்தது எவ்வளவு என்று யாரும் தர்க்கம் செய்யவில்லை. 1998-இல் அமெரிக்க சர்க்காரின் தொழில் பாதுகாப்பு இலாகா இரவுக் கடைகளுக்கென்றே தனியாக யோசனைகளை வெளியிட்டது. நியூயார்க் மாகாணத்தில் 2024-இல் கடைச் சிப்பந்திகளின் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அங்கெல்லாம் தலையெழுத்து இல்லையா? இங்கே மாத்திரந்தான் பிரம்மா எழுதுகோலை எடுத்துக் கொண்டு வந்தாரா?

இனி, நம் நாட்டில் சட்டமே இல்லையோ என்று சிலர் நினைக்கலாம். சட்டம் இருக்கின்றது. 1947-ஆம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம் செய்யப்பட்டது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்ததும், வாரம் ஒரு நாள் லீவு கொடுக்கச் சொன்னதும் அந்தச் சட்டமே. பிறகு 2019-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருஷம் 365 நாளும் இரவு பகல் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு உத்தரவு போட்டார்கள். 2022-இல் அதை நீட்டினார்கள். அந்த உத்தரவில் முதலாளிக்குக் கொடுத்த உரிமையோடு கூடவே நிபந்தனைகளும் இருக்கின்றன. ஓவர்டைம் சேர்த்தாலும் ஒருவரை நாளைக்கு பத்தரை மணி நேரத்துக்கு மேலும், வாரத்துக்கு 57 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. பெண்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்யச் சொல்லக் கூடாது. அவர்களே எழுத்து மூலம் சம்மதித்தால், போதிய பாதுகாப்புடன் காலை 6 மணி வரை வேலை கொடுக்கலாம். முறை மாறி வேலை பார்க்கும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டை வாசலில் எல்லோரும் பார்க்கும்படி போர்டில் எழுதி வைக்க வேண்டும். இளைப்பாறும் இடமும், கழிப்பிடமும், உடைமையைப் பூட்டி வைக்கப் பெட்டியும் கொடுக்க வேண்டும்.

இந்த உத்தரவில், 24 மணி நேரமும் திறக்கலாம் என்கின்ற ஒரு வரியை மாத்திரம் எல்லா முதலாளிகளும் மனப்பாடம் செய்து கொண்டார்கள். மற்ற வரிகளைப் படித்தவர் எத்தனை பேர்? வாசகர்கள் இன்றிரவே தங்கள் ஊர்க் கடைவீதிக்குப் போய்ப் பார்க்கட்டும். வண்டி ஏற்பாடு பற்றிய போர்டு எத்தனை கடையில் தொங்குகிறது, பூசணிக்காய் எத்தனை கடையில் தொங்குகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். சட்டம் கேட்ட போர்டு இல்லை. சாஸ்திரம் கேட்ட காய் இருக்கிறது!

நிற்க. முதலாளிகளைக் கண்டிக்கும் நாம், இன்னொரு பெரிய கடைக்காரரும் இருக்கிறார் என்பதை மறந்து விடக் கூடாது. அவர் வேறு யாருமல்ல, தமிழ்நாடு சர்க்காரேயாவார். 1983-இல் ஏற்பட்ட டாஸ்மாக் என்னும் சர்க்கார் கம்பெனி, 2003 நவம்பர் முதல் மது வகைகளைச் சில்லறையாகவும் தானே விற்று வருகின்றது. 2025-ஆம் வருஷக் கணக்குப்படி சுமார் 4,800 கடைகள், சுமார் 23,600 சிப்பந்திகள். 2023-24-இல் மாத்திரம் அதனால் சர்க்காருக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடி நல்லதா, கெட்டதா, மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு தர்க்கம். அது முடிகிற வரையில் அந்தக் கடையில் நிற்கிறவனுடைய உயிர் காத்திருக்க முடியாது.

அவனுடைய நிலைமை என்ன? கடையை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று 2016-இல் நேரம் நிர்ணயிக்கப்பட்டது. பாங்கு மூடிய பிறகுதான் வியாபாரத்தின் பெரும் பகுதி நடக்கின்றது. வாங்குகிறவர்களோ பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் தூரமாய் இருக்க வேண்டுமென்று பல கடைகள் ஊருக்கு வெளியே, வயல் ஓரத்திலும் புறம்போக்கிலும் இருக்கின்றன. பணத்தைக் கடையில் வைத்து விட்டுப் போனால் சுவரைத் துளைப்பானோ என்கின்ற பயம். எடுத்துக் கொண்டு போனால் வழி மறிப்பானோ என்கின்ற பயம். 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் ஜில்லா ஒரகடத்துக்கு அருகில், இரவு கடையை மூடி விட்டுத் திரும்பிய சிப்பந்திகள் இருவர் தாக்கப்பட்டு, ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பேரில் மற்றச் சிப்பந்திகள் கடைகளை அடைத்துக் கிளர்ச்சி செய்தார்கள். சர்க்கார் இறந்தவரின் குடும்பத்துக்கு உதவித் தொகை அறிவித்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் செத்த பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை முன்னாலேயே விளக்குக்கும், பெட்டிக்கும், வண்டிக்கும் செலவழித்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆளே மிஞ்சியிருப்பான் அல்லவா என்றுதான் கேட்கின்றோம். ஊர்க் கடைக்காரனுக்கு நிபந்தனை போடுகிற சர்க்கார், தான் கடை வைத்திருக்கும் இடத்தில் அந்த நிபந்தனைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? ஊருக்கு உபதேசம் செய்கிற புரோகிதனுக்கும் அப்படிப்பட்ட சர்க்காருக்கும் என்ன பேதம்?

தீ விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லி விடுகின்றோம். 2008 செப்டம்பரில் சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பிடித்து, உள்ளே இருந்த சிப்பந்திகள் இருவர் மாண்டார்கள். 2017 மே மாதக் கடைசியில் அதே தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை விடியற்காலையில் தீப்பிடித்தபோது, உள்ளே தங்கியிருந்தவர்களைத் தீயணைப்புப் படையார் இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சரக்கு களவு போகாமலிருக்க வெளியே பூட்டும் பூட்டு, உள்ளே படுத்திருப்பவனுக்குச் சவப்பெட்டி மூடிக்குச் சமானமாகும். உள்ளிருந்து திறக்கக் கூடிய ஒரு தனி வழி இல்லாத கட்டடத்தில் ஒரு மனிதனையும் இரவு தங்க விடக் கூடாது.

பெண்கள் விஷயத்தில் நம் வைதீகர்கள் ஒரு சுலபமான பரிகாரம் சொல்லுவார்கள். "பெண்ணுக்கு இரவில் என்ன வேலை? எட்டு மணிக்குள் வீட்டில் இருந்தால் ஒரு ஆபத்தும் இல்லையே" என்பார்கள். திருடன் இருக்கிறான் என்றால் திருடனைப் பிடிப்பதை விட்டு விட்டு, வீட்டுக்காரனை வெளியே வராதே என்று பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்? இரவுச் சம்பளம் வேண்டுமென்று ஒரு பெண் கேட்டால் அது அவளுடைய உரிமை. அவள் பத்திரமாய் வீடு போய்ச் சேருவது முதலாளியுடைய கடமை. கடமையைச் செய்ய மனமில்லாதவர்கள் உரிமையைப் பறிப்பதைப் "பாதுகாப்பு" என்று சொல்லி ஏமாற்றப் பார்க்கிறார்கள். அதே சமயம் "எழுத்து மூலம் சம்மதம்" என்கின்ற வார்த்தையிலும் நாம் ஏமாந்து விடக் கூடாது. கையெழுத்துப் போடாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லி வாங்கும் சம்மதம், பூதகணங்களைக் காட்டிப் பயமுறுத்திக் குழந்தைக்குச் சோறூட்டுவது போன்றதேயல்லாமல் சம்மதமாகாது.

இனி முதலாளிமார்கள் சொல்லக் கூடிய சமாதானங்களைப் பார்ப்போம்.

"கடை வாசலைத் தாண்டி விட்டால் எங்களுக்கு என்ன பொறுப்பு?" என்பார்கள். வேலைக்கு வருகிற வழியிலும் வேலை முடிந்து போகிற வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு சம்பந்தமிருந்தால் வேலையில் நேர்ந்ததாகவே கருத வேண்டுமென்று தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 2010-ஆம் வருஷத்திலேயே திருத்தம் செய்யப்பட்டது. வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் உள்ள வழி வேலையின் ஒரு பகுதி என்பது நம் கற்பனையல்ல.

"காவல் காப்பது போலீசாருடைய வேலையல்லவா?" என்பார்கள். ஆம், போலீசாருடைய வேலைதான். அப்படியானால் கடைக்குப் பூட்டு எதற்கு? போலீசார் பார்த்துக் கொள்வார்கள் என்று கதவைத் திறந்து போட்டு விட்டுப் போக எந்த முதலாளியாவது சம்மதிப்பாரா?

"இதற்கெல்லாம் செலவு யார் கொடுப்பது?" என்பார்கள். பத்து மணிக்கு மேல் வரும் லாபம் யாருக்கு? லாபம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் கடையை ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள்? இரவு வியாபாரத்தின் லாபத்தை எடுத்துக் கொள்ளுகிறவர் இரவு ஆபத்தின் செலவையும் ஏற்றுக் கொள்ள வேண்டியதுதான் யோக்கியமான வியாபாரமாகும். ஆயுத பூசைக்கும், கணபதி ஹோமத்துக்கும், திருஷ்டி கழிப்பதற்கும் ஆகும் செலவை ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால், வாசல் விளக்குக்கும் ஆபத்து மணிக்கும் கணக்குச் சரியாய்ப் போய் விடும்.

ஆகவே, தனி முதலாளியானாலும் சர்க்காரானாலும், இரவில் கடை நடத்தும் எல்லோரையும் நாம் கேட்டுக் கொள்வதாவது:

1. இருட்டிய பிறகு எந்தக் கடையிலும் ஒற்றை ஆளை வைத்து வேலை வாங்கக் கூடாது.

2. கல்லாவில் சில்லறைக்கு வேண்டிய தொகைக்கு மேல் சேர விடக் கூடாது. மீதி, சிப்பந்தியால் திறக்க முடியாத பெட்டியில் விழ வேண்டும். அதை வாசலில் எழுதிப் போட வேண்டும்.

3. வசூல் பணத்தைச் சிப்பந்தியின் மடியில் கட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பணத்தை எடுக்கக் காவலோடு வண்டி வர வேண்டும். கொள்ளை போன பணத்தைச் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

4. கடை வாசலிலும், பின்பக்கத்திலும், வண்டி நிறுத்தும் இடத்திலும் விளக்கு எரிய வேண்டும். காலுக்கோ கைக்கோ எட்டும் இடத்தில் ஆபத்து மணி இருக்க வேண்டும்.

5. கடைசி பஸ் போன பிறகு வேலை முடிகிற எவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், வீட்டு வாசல் வரை வண்டி கொடுக்க வேண்டும்.

6. குடித்து விட்டுக் கலாட்டா செய்கிறவனுக்குச் சரக்குக் கொடுக்க மறுக்கவும், உயிருக்கு ஆபத்து வந்தால் பணத்தை விட்டு விட்டு ஒதுங்கவும் சிப்பந்திக்கு உரிமை உண்டென்று முதலாளியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

7. தங்கும் இடத்துக்கு உள்ளிருந்து திறக்கும் தனி வழி இருக்க வேண்டும்.

இவைகளில் எதுவும் ஆகாயத்துப் பூவல்ல. மனமிருந்தால் ஒரு மாதத்தில் செய்து முடிக்கக் கூடியவைகளே.

கடைசியாகச் சிப்பந்தித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளி தலைவிதி என்று சொல்லுவது அவருக்கு லாபம். நீங்களும் தலைவிதி என்று சொல்லுவதால் உங்களுக்கு என்ன லாபம்? கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிப்பிடம் வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும் என்று கேட்டபோது ஊரார் சிரித்தார்கள். அவர்கள் விரதம் இருக்கவில்லை; "பெண்கூட்டு" என்று சங்கம் வைத்தார்கள். 2018-இல் கேரள சர்க்கார் கடைச் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தார்கள். 2021-இல் நம் சட்டசபையும் அதையே செய்தது. ஒரு நாற்காலியைக் கூடக் கேட்காமல் எந்தத் தெய்வமும் கொண்டு வந்து போட்டதில்லை. ஒருவராய்க் கேட்டால் வேலை போகும், ஒரு தெருவாய்க் கேட்டால் விளக்கு வரும். ஆகையால் உங்கள் தெருவில் எத்தனை கடை, எத்தனை மணிக்கு மூடுகிறது, எத்தனை பேர் எவ்வளவு தூரம் நடந்து போகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதலாளிகளிடம் கொடுங்கள். கேட்காவிட்டால் தொழிலாளர் இலாகா இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள்.

சாமான் வாங்கப் போகும் வாசகர்களும் இதில் சேர்ந்தவர்களே. மூடப் போகும் கடையில் பத்து மணிக்குப் போய் அரை மணி நேரம் புடவை புரட்டுகிறவர்கள், தங்களால் ஒரு பெண்ணுக்குக் கடைசி பஸ் தவறிப் போகிறது என்பதை நினைக்க வேண்டும். போகிற கடையில், "வேலை முடிந்து இவர்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள்?" என்று முதலாளியை ஒரு தரம் கேளுங்கள். பத்து வாடிக்கைக்காரர்கள் கேட்டால் பதினோராவது நாள் வண்டி வரும். பூசணிக்காயோ, எத்தனை வருஷம் தொங்கினாலும், ஒருவரையும் வீட்டுக்குக் கொண்டு போய் விடப் போவதில்லை.